தற்காப்பே நோயாகும்போது

அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் தரப்படும் மருந்துகளைப் பற்றி நம்மிடையே நெடுநாளாக ஒரு குறை சொல்லப்பட்டு வருகிறது. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை, அமுக்கித்தான் வைக்கின்றன என்பதே அது. மாத்திரை போட்டால் அரிப்பு அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. ஆகவே நோய் உள்ளே அப்படியே இருக்க, வெளியே தெரியும் அடையாளத்தை மட்டும் மருந்து மறைக்கிறது என்று வாதம் போகும். அறியாமல் பேசுகிறார்கள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆன்டிஹிஸ்டமின்களும் கார்ட்டிகோஸ்டீராய்டுகளும் அமுக்கும் மருந்துகள் என்பது உண்மைதான். அந்த உண்மையிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு. எது அமுக்கப்படுகிறது என்று கேட்காமல், அமுக்குவது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. டைபாய்டு காய்ச்சலுக்குப் பின்னால் ஒரு கிருமி இருப்பதைப் போல, ஒவ்வாமைக்குப் பின்னாலும் ஏதோ ஒன்று ஒளிந்திருப்பதாக நம்மை அறியாமலே எண்ணிக்கொள்கிறோம். அப்படி எதுவும் அங்கே இல்லை. உடலின் தற்காப்பே அங்கு நோயாக நிற்கிறது. தற்காப்பு வீணாக நடக்கும் இடத்தில் அதை அமுக்குவது சரியான மருத்துவம்; அது உண்மையாகவே தேவைப்படும் இடத்தில் அமுக்குவது தீங்கு. ஒரே மருந்து ஒரே அளவில் இந்த இரண்டையுமே செய்யக்கூடும். இந்த இரு மருந்துக் குடும்பங்களும் உடலுக்குள் எங்கே போய் என்ன செய்கின்றன என்று பின்தொடர்ந்தால் இது விளங்கும்.

ஒவ்வாமையில் குற்றம் வெளிப்பொருளிடம் இல்லை என்பதற்கான சான்று நூறாண்டு பழையது. 1921-இல் ஜெர்மானிய மருத்துவர்கள் கார்ல் பிராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கியுஸ்ட்னர் இருவரும் தங்கள் உடலிலேயே ஒரு சோதனை செய்தார்கள். கியுஸ்ட்னருக்கு மீன் ஆகாது. பிராஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொல்லையும் கிடையாது. கியுஸ்ட்னரின் இரத்தச் சீரத்தில் சிறிதளவு எடுத்துப் பிராஸ்னிட்ஸின் வயிற்றுத் தோலுக்குள் செலுத்தினார்கள். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியதும் அங்கு மட்டும் தோல் சிவந்து தடித்தது. மீனில் எந்த மாற்றமும் இல்லை. மீனை எதிரியாக அறியும் ஏதோ ஒன்று ஒருவர் இரத்தத்திலிருந்து இன்னொருவர் தோலுக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். அந்த ஏதோ ஒன்று ஐஜிஇ என்னும் ஆன்டிபாடி என்பதை 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே, தெருகோ இஷிசாகாவும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியாகக் கண்டறிந்தனர். குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை எதிர்ப்பதற்காக உருவானதாகக் கருதப்படும் ஆன்டிபாடி இது. தோல், மூக்கு, மூச்சுக்குழல், குடல் என்று உடல் வெளியுலகைத் தொடும் எல்லா ஓரங்களிலும் மாஸ்ட் செல்கள் காவலிருக்கின்றன. ஐஜிஇ அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. புழுவின் புரதத்துக்குப் பதிலாக மகரந்தத்தின் புரதமோ இறாலின் புரதமோ வந்து ஒட்டினாலும் மாஸ்ட் செல்லுக்கு வித்தியாசம் தெரியாது. நிமிடங்களுக்குள் அது தன் துகள்களை வெளியே கொட்டிவிடும். மகரந்தம் யாரையும் கொல்லும் நஞ்சு அன்று. அதை எதிர்த்து உடல் நடத்தும் போர்தான் தும்மலும் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும்.

மாஸ்ட் செல் கொட்டுவதில் முதன்மையானது ஹிஸ்டமின். இங்கிலாந்தில் ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் 1910-இலிருந்து அதை விலங்குகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தபோது, மூச்சுக்குழல் இறுகுவதையும் இரத்த அழுத்தம் சரிவதையும் பார்த்தார்கள். ஒவ்வாமை அதிர்ச்சியில் நடப்பதும் இதுவேதான் என்பது அவர்கள் கண்ணில் பட்டது. 1927-இல் டேலும் அவருடன் பணியாற்றியவர்களும் நுரையீரலிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் ஹிஸ்டமினைப் பிரித்தெடுத்து, உடலே அதை இயல்பாக வைத்திருக்கிறது என்று நிறுவினார்கள். தோலில் மிகச் சிறிதளவு ஹிஸ்டமினைக் குத்தினால் முதலில் ஒரு சிவந்த புள்ளி, பிறகு அதைச் சுற்றிப் பரவும் செம்மை, கடைசியில் நடுவே ஒரு தடிப்பு என்று வரிசையாகத் தோன்றும். காணாக்கடியில் உடம்பெங்கும் நாம் பார்ப்பது இதுதான். சின்னஞ்சிறு இரத்தக்குழாய்களின் உட்சுவரில் இருக்கும் செல்கள் ஹிஸ்டமின் பட்டதும் சுருங்கி, இடையே சந்து விடுகின்றன. அந்தச் சந்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து தோல் தடிக்கிறது. நரம்பு முனைகள் தூண்டப்பட்டு அரிக்கிறது. கிருமி நுழைந்த இடத்துக்குக் காவல் செல்களும் ஆன்டிபாடிகளும் விரைந்து வர இந்தக் கசிவு உதவும். எதிரியே இல்லாத இடத்தில் கசிவு மட்டும் மிஞ்சுகிறது.

இந்த ஹிஸ்டமினைத் தடுக்கும் பொருளை முதன்முதலில் காட்டியவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டாப்பும். 1937-இல் அவர்கள் கண்ட பொருட்கள் மனிதருக்குத் தர முடியாத அளவுக்கு நச்சுத்தன்மை கொண்டவை. ஆனால் வழி திறந்துவிட்டது. 1942-இல் மனிதருக்குத் தரத்தக்க முதல் ஆன்டிஹிஸ்டமின் பிரான்சில் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் டைபென்ஹைட்ரமின், குளோர்பெனிரமின் என்று ஒரு வரிசையே உருவானது. போவேக்கு 1957-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்துகள் ஹிஸ்டமினை அழிப்பதில்லை. மாஸ்ட் செல்லைத் தடுத்து நிறுத்துவதும் அவற்றின் முதன்மையான வேலை அன்று. இரத்தக்குழாய்ச் செல்லின் மீதும் நரம்பு முனையின் மீதும் ஹிஸ்டமினை வாங்கிக்கொள்ளும் எச்1 என்ற ஏற்பி இருக்கிறது. அந்த ஏற்பி எப்போதும் இரண்டு நிலைகளுக்கு இடையே ஊசலாடிக்கொண்டிருக்கும்: ஒன்று இயங்கும் நிலை, மற்றொன்று ஓய்வு நிலை. ஹிஸ்டமின் ஒட்டினால் அது இயங்கும் நிலையில் நிற்கும். ஆன்டிஹிஸ்டமின் ஒட்டினால் ஓய்வு நிலையில் நிற்கும். வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரும் தடை என்று நெடுங்காலம் நினைக்கப்பட்ட மருந்து, ஏற்பியையே அமைதிப் பக்கம் சாய்க்கிறது என்பது கடந்த சில பத்தாண்டுகளில் தெளிவானது. தடிப்பு வந்த பிறகு போடுவதைவிட வருமுன் போட்டால் இது நன்றாக வேலை செய்வதற்கும், நாள்பட்ட காணாக்கடிக்குத் தினமும் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்வதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஏற்கெனவே கசிந்துவிட்ட நீரை மருந்து திரும்ப உள்ளே இழுக்காது. அடுத்த கசிவைத் தடுக்கும்.

ஆன்டிஹிஸ்டமினின் வலிமையும் எல்லையும் ஒன்றுதான்: அது ஒரே ஒரு செய்தியை, ஒரே வகை ஏற்பியில் தடுக்கிறது. இரைப்பையில் அமிலம் சுரக்கத் தூண்டுவதும் ஹிஸ்டமினே என்றாலும் போவேயின் மருந்துகள் அங்கே பலிக்கவில்லை. ஏனென்றால் அங்கிருப்பது எச்2 என்ற வேறு ஏற்பி. அதற்கு ஜேம்ஸ் பிளாக் தனி மருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆஸ்துமாவிலும் இந்த எல்லை தென்பட்டது. டேல் பார்த்த இறுக்கம் ஹிஸ்டமினால் வந்தது என்பதால் ஆன்டிஹிஸ்டமின் ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்று 1940-களில் பலர் எதிர்பார்த்தார்கள். அது தீர்க்கவில்லை. மாஸ்ட் செல் ஹிஸ்டமினை மட்டும் கொட்டுவதில்லை. புதிதாகச் சிலவற்றைத் தயாரித்தும் அனுப்புகிறது. அவற்றுள் லூக்கோட்ரைன்களின் அமைப்பை ஸ்வீடன் விஞ்ஞானி பெங்ட் சாமுவெல்சனின் குழு 1979-இல் வெளியிட்டது; மனித மூச்சுக்குழலை இறுக்குவதில் அவை ஹிஸ்டமினைப் போல ஆயிரம் மடங்கு வரை வலியவை. சில மணி நேரம் கழித்து இயோசினோபில் செல்கள் வந்து குவிந்து இரண்டாம் அலையைத் தொடங்குகின்றன. இத்தனையும் நடக்கும் இடத்தில் ஒரு செய்தியை மட்டும் தடுத்து என்ன ஆகும்? தும்மல், மூக்கொழுகல், காணாக்கடி ஆகியவற்றில் ஹிஸ்டமினின் பங்கு பெரிது. அங்கே மருந்து பலிக்கிறது. ஆஸ்துமாவில் அதன் பங்கு சிறிது, அங்கே பலிப்பதில்லை. மருந்து ‘லேசானது’ என்பதால் வந்த தோல்வி அன்று இது.

மருந்து எங்கே போய்ச் சேருகிறது என்பதும் அது எதைத் தடுக்கிறது என்பதைப் போலவே முக்கியம். நம் ஊர் மருந்துக்கடைகளில் சளி, அரிப்பு எல்லாவற்றுக்கும் கேட்டு வாங்கப்படும் பெனிரமின், குளோர்பெனிரமின் போன்ற பழைய தலைமுறை மருந்துகள் தூக்கத்தை வரவழைப்பதைப் பலர் பக்கவிளைவு என்றுகூடக் கருதுவதில்லை. ‘நல்லா தூங்கினா சரியாயிடும்’ என்று அதை மருந்தின் குணத்திலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். மூளையின் ஹைப்போதலாமஸில் ஒரு சிறு நரம்புக் கூட்டம் ஹிஸ்டமினைச் சுரந்து நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. மூக்குக்காகச் சாப்பிட்ட மாத்திரை மூளைக்குள்ளும் நுழைந்து அதே எச்1 ஏற்பிகளைப் பிடிக்கும்போது விழிப்பு மங்குகிறது. ஜப்பானில் கசுஹிகோ யானாயின் குழு மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, பழைய மருந்துகள் வழக்கமான அளவிலேயே மூளையின் எச்1 ஏற்பிகளில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்வதும், புதிய தலைமுறையைச் சேர்ந்த ஃபெக்சோபெனடின் ஏறக்குறைய எதையும் பிடிக்காததும் தெரிந்தது. புதிய தலைமுறை மருந்துகளை மூளை இரத்தக்குழாய்ச் சுவரின் காவல் புரதங்கள் வெளியே தள்ளிவிடுகின்றன. தூக்கம் வராவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்ற எண்ணத்துக்கு இதில் இடமே இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கும், வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், வயதானவர்களுக்கும் பழைய மருந்தைத் தருவது தேவையில்லாத இடத்தில் அமுக்குவதாகும்.

கார்ட்டிகோஸ்டீராய்டுகளின் கதை வேறொரு திசையிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் மூட்டு வீங்கி அவதிப்பட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தால் மூட்டுவலி குறைவதை 1929-இலிருந்து கவனித்து வந்தார். கருவுற்ற பெண்களிடமும் அதே தணிவைக் கண்டார். உடலே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அழற்சியை அடக்குகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அதே மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டலும், சுவிட்சர்லாந்தில் ததேயுஸ் ரைக்ஸ்டைனும் அட்ரினல் சுரப்பியின் புறணியிலிருந்து பல பொருட்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தனர். அவற்றில் ஒன்றை, பின்னாளில் கார்ட்டிசோன் எனப் பெயர் பெற்றதை, மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் மாட்டின் பித்தநீர் அமிலத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் தயாரித்தார். 1948 செப்டம்பர் 21 அன்று 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஊசி போடப்பட்டது. படுக்கையில் புரளவே சிரமப்பட்டவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு கண்டுபிடிப்புக்கு இவ்வளவு விரைவில் அந்தப் பரிசு கிடைப்பது அரிது. மருந்தை நிறுத்தினால் மூட்டுவலி திரும்புவதும், நெடுநாள் கொடுத்தால் முகம் உப்பி எலும்பு மெலிவதும் அதற்குள்ளாகவே தெரியத் தொடங்கிவிட்டன. அதன் நன்மையும் தீமையும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பதுதான் அடுத்து வந்த எழுபது ஆண்டு ஆராய்ச்சியின் பெருங்கேள்வி.

ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும் பொருள். செல்லின் சுவரில் ஏற்பியைத் தேடி நிற்காமல் நேரே உள்ளே புகுந்துவிடும். உள்ளே அதற்கென ஓர் ஏற்பிப் புரதம் காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களின் மீது அமர்கின்றன. அங்கே இரண்டு வகை வேலை நடக்கிறது. அழற்சியைத் தணிக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள் தூண்டப்படுகின்றன. அழற்சியை மூட்டும் மரபணுக்களை எழுப்பிவிடும் என்எஃப்-கப்பா-பி போன்ற கட்டளைப் புரதங்கள் முடக்கப்படுகின்றன. விளைவாக, செல்களைக் கூப்பிடும் சைட்டோகைன்கள் குறைகின்றன. புரோஸ்டாகிளாண்டின்களையும் லூக்கோட்ரைன்களையும் தயாரிக்கும் வழி சுருங்குகிறது. இயோசினோபில்கள் தாமே மடிகின்றன. கல்யாணப் பந்தியில் ஒருவர் போதும் என்று இலையை மூடிக்கொள்வதைப் போன்றது ஆன்டிஹிஸ்டமினின் வேலை. அந்த ஓர் இலையில் இனி எதுவும் விழாது, மற்ற இலைகளில் பரிமாறல் தொடரும். ஸ்டீராய்டு சமையற்கட்டுக்கே போய் அடுப்பை அணைக்கிறது. புதிதாக எதுவும் வேகாது என்றாலும், முன்பே ஆக்கி வைத்தது தீரும்வரை பந்தி நடந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் ஸ்டீராய்டு இரத்தக்குழாயில் நேரே ஏற்றப்பட்டாலும் பலன் தெரியப் பொதுவாகச் சில மணி நேரம் ஆகிறது.

உயிர் போகும் அவசரத்தில் இந்த நேரக்கணக்கு எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. குளவி கொட்டியோ, ஒவ்வாத உணவைச் சாப்பிட்டோ, மருந்து ஒத்துக்கொள்ளாமலோ ஒருவருக்குத் தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் சரியும்போது முதலில் தர வேண்டியது தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி. அது சில நிமிடங்களில் விரிந்த குழாய்களைச் சுருக்கி, இறுகிய மூச்சுக்குழலை விரித்து, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் குறைக்கிறது. ஆன்டிஹிஸ்டமினால் அரிப்பும் தடிப்பும் குறையும். தொண்டை வீக்கத்தையும் அழுத்தச் சரிவையும் தடுக்க அதை நம்ப முடியாது. ஸ்டீராய்டு வேலையைத் தொடங்குவதற்குள் ஆபத்து முடிந்திருக்கும், அல்லது உயிர் போயிருக்கும். அவில் என்னும் பெனிரமின் ஊசியும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசியும் போட்டாயிற்று என்று அட்ரினலினைத் தள்ளிப்போடுவது உயிருக்கே உலையாகலாம். ‘ஸ்ட்ராங்’ மருந்து, ‘மைல்ட்’ மருந்து என்ற வழக்கமான தரவரிசையை நம்பினால் இந்தத் தவறில்தான் போய் நிற்போம். ஸ்டீராய்டு ஆன்டிஹிஸ்டமினின் வீரியம் கூடிய வடிவம் அன்று. வேறொரு படிநிலையில், வேறொரு கால அளவில் வேலை செய்யும் வேறொரு பொருள்.

உடல் ஏன் இப்படியொரு பொருளைத் தானே சுரக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. அட்ரினல் சுரப்பி நாள்தோறும் சுமார் 10 மில்லிகிராம் கார்ட்டிசோல் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கிறது; காயமோ கடும் நோயோ வந்தால் பன்மடங்கு கூட்டுகிறது. நெருக்கடியில் சுரக்கும் பொருள் தற்காப்பைத் தூண்டும் என்றே நீண்ட காலம் கருதப்பட்டது. அது அழற்சியை அடக்குகிறது என்று ஹென்ச் காட்டியது அந்தக் கருத்துக்குப் பொருந்தாமல் நின்றது. 1984-இல் அமெரிக்க உடலியலாளர் ஆலன் மங்க்கும் அவருடைய சகாக்களும் அந்த முரணை நேர் செய்தார்கள்: நெருக்கடியில் கார்ட்டிசோலின் வேலை நோயிலிருந்து காப்பது அன்று, நோயை எதிர்த்து எழும் தற்காப்பு அளவு மீறி உடலையே அழித்துவிடாமல் காப்பது. ஐந்து ஆண்டுகள் கழித்து எஸ்தர் ஸ்டெர்ன்பெர்கின் குழு அதற்கு வலுவான சான்று கொடுத்தது. லூயிஸ் வகை எலிகளுக்குப் பாக்டீரியாச் சுவரின் துணுக்குகளைச் செலுத்தினால் கடுமையான மூட்டழற்சி வரும். ஃபிஷர் வகை எலிகளுக்கு வராது. முதல் வகை எலிகளின் மூளை அட்ரினலுக்குப் போதிய ஆணை அனுப்பவில்லை என்பதே வித்தியாசம். ஸ்டீராய்டு ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்ததும், நலமாக இருந்த ஃபிஷர் எலிகளும் கடும் அழற்சிக்கு ஆளாயின. அழற்சியை அமுக்குவது வெளியிலிருந்து வந்த மருத்துவத்தின் சூழ்ச்சி என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். அமுக்குதல் உடலின் சொந்த வழி. நாம் அதைக் கடன் வாங்கியிருக்கிறோம்.

கடனுக்கு வட்டி உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், உடல் ஒரு நாள் சுரக்கும் கார்ட்டிசோலைப் போல ஏறத்தாழ பதினைந்து மடங்கு வலிமை கொண்டது. அந்த அளவு ஸ்டீராய்டு மூட்டுக்கு மட்டுமோ மூச்சுக்குழலுக்கு மட்டுமோ போவதில்லை. ஏற்பி உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் இருக்கிறது. கல்லீரலில் அது குளுக்கோஸ் தயாரிப்பைக் கூட்டுவதால் சர்க்கரை ஏறுகிறது. தசையில் புரதம் கரைகிறது. எலும்பில் புதிய எலும்பு கட்டும் செல்கள் மந்தமாகின்றன. தோலில் கொலாஜன் குறைந்து தோல் மெலிகிறது. கண்ணில் புரை வளரலாம். வெளியிலிருந்து இவ்வளவு வரும்போது மூளை தன் ஆணையை நிறுத்திவிடும். வாரக்கணக்கில் அப்படி நடந்தால் அட்ரினல் சுரப்பி சுருங்கிச் சோம்பிவிடும். அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பது சுரப்பி மறுபடி விழித்தெழ அவகாசம் தருவதற்காக. ‘ஸ்டீராய்டு ஆபத்து’ என்று கேள்விப்பட்டு நோயாளி தானே ஒரே நாளில் நிறுத்திவிடுவது, தப்பிக்க நினைத்த ஆபத்தையே தேடிப் போவதாகும்.

நன்மையையும் தீமையையும் பிரிக்க முடியாதா என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். ஏற்பிகள் ஜோடி சேர்ந்து மரபணுவைத் தூண்டுவதால் தீமையும், தனியாக நின்று கட்டளைப் புரதங்களை முடக்குவதால் நன்மையும் வருகின்றன என்று ஒரு கருதுகோள் எழுந்தது. ஏற்பி ஜோடி சேர இயலாத எலிகளை 1998-இல் ஜெர்மனியில் உருவாக்கினார்கள். அவை உயிரோடிருந்தன, சில அழற்சிகளில் ஸ்டீராய்டு அவற்றுக்குப் பலித்தது. பிறகு மூட்டழற்சி முதலியவற்றில் சோதித்தபோது, நன்மைக்கும் ஜோடி தேவைப்படுகிறது என்று தெரிந்தது. வேமரோலோன் போன்ற சில புதிய மருந்துகள் சில தீமைகளைக் குறைத்துக் காட்டியிருக்கின்றன. ஆனாலும் வழக்கமான ஸ்டீராய்டான பிரெட்னிசொலோனின் இடத்தை முழுமையாக எடுத்துக்கொள்ளும் மருந்து இன்னும் வரவில்லை. மூலக்கூறில் முடியாத பிரிவினை, இடத்தால் சாத்தியமாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் வந்த பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் மருந்தை நேரே மூச்சுக்குழலில் சேர்த்தது. மாத்திரையாக 30, 40 மில்லிகிராம் கொடுக்க வேண்டிய இடத்தில் மைக்ரோகிராம் கணக்கில் சில நூறு போதும். விழுங்கப்படும் பகுதியில் பெரும்பங்கைக் கல்லீரல் அழித்துவிடுகிறது. கனடாவின் சஸ்காச்சுவான் மாநில ஆஸ்துமா நோயாளிகளை ஆராய்ந்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்டுக்கு ஒவ்வோர் இன்ஹேலர் குப்பி கூடுதலாகப் பயன்படுத்தப்பட்டதற்கும் ஆஸ்துமா மரண விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. மூச்சுக்குழலை விரிக்கும் நீல நிற இன்ஹேலர் உடனே சுகம் தருவதால் அதை மட்டும் நம்பி, ஸ்டீராய்டு இன்ஹேலரை ‘பழக்கமாகிவிடும்’ என்று ஒதுக்குகிறவர்கள், இறுக்கத்தைத் தளர்த்திக்கொண்டே அழற்சியை வளர விடுகிறார்கள். தொடர்ந்து பயன்படுத்துவது வேறு, அடிமையாவது வேறு. மருந்தை உறிஞ்சிய பின் வாயைக் கொப்பளித்தால் வாயில் பூஞ்சை வரும் தொல்லையும் பெருமளவு குறையும்.

எதிரி உண்மையாகவே இருக்கும்போது என்ன ஆகும் என்பதை கொரோனா காலம் தெளிவாகக் காட்டியது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் நோயாளிகளுக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் பத்து நாட்கள் தரப்பட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர், மருந்து பெற்றவர்களில் 29.3 சதவீதம், பெறாதவர்களில் 41.4 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 23.3-உம் 26.2-உம். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. மரணம் மருந்து பெறாதவர்களில் 14.0, பெற்றவர்களில் 17.8 என்று தீமையின் பக்கமே சாய்ந்திருந்தது, அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லுமளவுக்கு இல்லாவிட்டாலும். அதே மருந்து, அதே அளவு, அதே நோய். தீவிர நிலையில் நுரையீரலை அழித்துக்கொண்டிருந்தது உடலின் அழற்சி. அங்கே அதை அமுக்கியது உயிர் காத்தது. தொடக்க நாட்களில் உடல் வைரஸோடு போரிட்டுக்கொண்டிருந்தது. அங்கே அமுக்க வேண்டிய காரணம் இல்லை. இந்த வேறுபாடு மறக்கப்பட்டதன் விலையை 2021-இல் நம் நாடு கொடுத்தது. லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு எழுதப்பட்டது, தானாக வாங்கியும் சாப்பிட்டார்கள், நாட்கணக்கும் நீண்டது. ஏறிய சர்க்கரையும் தளர்ந்த தற்காப்பும் கரும்பூஞ்சைக்கு வழி திறந்தன. அந்த ஆண்டு ஜூன் இறுதிக்குள் நாடு முழுவதும் 40,000-க்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளானார்கள். கண்ணை இழந்தவர்களும் தாடையை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. சத்தமில்லாமல் இன்னொரு தீங்கு ஆண்டுக்கணக்கில் நடந்து வருகிறது. படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டால் வீரியமான ஸ்டீராய்டு கலந்த களிம்பு எளிதாகக் கிடைக்கிறது. தடவியதும் அரிப்பும் செம்மையும் மறைகின்றன. தற்காப்பு ஓய்ந்த தோலில் பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. சிவப்பழகு தேடி முகத்தில் பூசி, தோல் மெலிந்து, இரத்தக்குழாய் தெரியும் நிலைக்கு வந்தவர்களைத் தோல் மருத்துவர்கள் தொடர்ந்து பார்க்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு இந்தக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கடைக்காரரும் வாங்குபவரும் அதை மதிப்பதுதான் மிச்சம்.

இவ்வளவும் சரி, வேரை அறுக்கும் மருத்துவமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஓரளவுக்கு. 1911-இல் லண்டனில் லெனர்ட் நூன் புல் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஊசி போட்டு, உடலைப் பழக்கும் முறையைத் தொடங்கினார். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடக்கும் அந்தச் சிகிச்சை இன்றும் சிலருக்கு ஒவ்வாமையையே தளர்த்துகிறது. ஐஜிஇ-யைப் பிடித்து ஒதுக்கும் ஓமலிஸுமாப் 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவை எல்லோருக்கும் பொருந்துவதில்லை, விலையும் கூடுதல். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த ‘வேர் மருத்துவங்கள்’ கூட மகரந்தத்தையோ மீனையோ அழிக்கவில்லை. அவையும் தற்காப்பைத்தான் அமைதிப்படுத்துகின்றன, இன்னும் சில படி முன்னதாக, இன்னும் குறிவைத்து. மரபணு முதல் ஏற்பி வரை நீளும் ஒரே சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடிப்பது என்பதுதான் இந்த மருந்துகளுக்கிடையே உள்ள வேறுபாடு. ஒன்று போலி, மற்றொன்று மெய் என்ற பாகுபாடு செல்லாது.

ஆகவே இந்த மருந்துகளை அஞ்சவும் வேண்டாம், அள்ளிக்கொட்டவும் வேண்டாம். சீட்டில் இவற்றின் பெயர் இருந்தால் மருத்துவரிடம் கேட்க மூன்று கேள்விகள் உண்டு. என் உடல் இப்போது எதிர்ப்பது உண்மையான கிருமியையா, தீங்கில்லாத ஒன்றையா? மருந்தை நோய் உள்ள இடத்துக்கு மட்டும் அனுப்ப வழி இருக்கிறதா, இல்லை உடல் முழுவதும் போயாக வேண்டுமா? எத்தனை நாட்களுக்கு, நிறுத்துவது எப்படி? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இருக்கும் இடத்தில் ஒரு செட்டிரிசின் மாத்திரையும் ஒரு ஸ்டீராய்டு இன்ஹேலரும் ஒரு குழந்தையை விளையாட்டுத் திடலுக்குத் திருப்பி அனுப்பும், ஒருவரை இரவில் நிம்மதியாக மூச்சுவிட வைக்கும். பதில் இல்லாத இடத்தில் அதே பொருட்கள் பூஞ்சைக்கும் சர்க்கரைக்கும் கதவு திறந்துவிடும். மருந்து இரண்டிடத்திலும் ஒன்றேதான். அந்தக் கேள்விகளைக் கேட்பதும், பொறுமையாக விடை சொல்வதும் நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து செய்ய வேண்டிய சிகிச்சையின் பாதி.